புற்றுநோயை உடலுக்குள்ளேயே ஒளிர வைக்கும் வைட்டமின்... யார் இந்த எல்லப்பிரகட சுப்பாராவ்?

காரைக்கால் குரும்பகரமா இருக்கட்டும், ஆற்றைத் தாண்டி இருக்கும் தமிழ்நாட்டு கிராமமா இருக்கட்டும், கர்ப்பிணிப் பெண்களுக்கு சுகாதார ஊழியர்கள் சிவப்பு நிற மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சத்து மாத்திரைனு சொல்லுவோம். அதில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று இரும்பு, 60 மில்லிகிராம். இன்னொன்று ஃபோலிக் அமிலம், வெறும் 500 மைக்ரோகிராம். அதாவது அரை மில்லிகிராம்.

இந்த அரை மில்லிகிராம் சமாச்சாரத்துக்கு இப்போது இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. இதன் மூலக்கூறோடு ஒரு சாயத்தை இணைத்து ரத்த நாளத்தில் செலுத்தினால், அது உடம்புக்குள் ஓடி, புற்றுநோய்ச் செல்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் தனி விளக்கையும் கேமராவையும் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத கட்டி திரையில் ஒளிர்கிறது. உயிரோடு இருக்கும் உடம்புக்குள் நோய் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் இப்படிப்பட்ட மூலக்கூறுகளுக்கு மாலிகுலர் இமேஜிங் ப்ரோப் என்று பெயர்.

அந்த ஃபோலிக் அமிலத்தை முதன்முதலில் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர், சென்னையில் மருத்துவம் படித்த ஒருவர். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ். ஸ்கேன், ப்ரோப் என்ற வார்த்தைகளுக்கு இன்றைய அர்த்தம் வருவதற்கு முன்பே, 1948லேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் அரைத்த தசையிலும் வேகவைத்த ஈரலிலும் தேடிய மூலக்கூறுகள் இன்று உயிருள்ள மனிதர்களின் நோயைக் காட்டும் ஜன்னல்களாகிவிட்டன. அவருடைய கதையைப் பார்ப்போம்.

கோதாவரிக் கரையில் ஒரு பையன்

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12. ஊர் பீமவரம். இன்றைக்கு ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம், அன்றைக்கு சென்னை மாகாணம். நம்ம காரைக்கால் மாதிரியே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த ஏனாம் இருக்கிறதே, அதுவும் இந்த கோதாவரி டெல்டாவில்தான். காவிரி டெல்டாக்காரர்களுக்கு அந்த ஊர்களைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. வாய்க்கால், வயல், மழைக்காலத்தில் சேறு.

அப்பா ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டதால் சீக்கிரமே வேலையை விட வேண்டியதாயிற்று. வீட்டில் பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. 13 வயது இருக்கும்போது சுப்பாராவ் வீட்டைவிட்டு ஓடிப்போகப் பார்த்தார். காசிக்குப் போய் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். பாதி வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அம்மா வெங்கம்மா விடாப்பிடியாகப் படிக்க அனுப்பினார்.

படிப்பு மட்டும் சுலபமாக வந்துவிட்டதா? அதுவும் இல்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முயற்சியில், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். ரிசல்ட் நாளில் பெயில் ஆன பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு இந்தத் தகவலை ஃபார்வர்டு செய்யலாம்!

பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். கணக்கில் நல்ல கெட்டிக்காரர். ஆனால் மனம் துறவறத்தின் பக்கம் சாய்ந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். மருத்துவம் படித்து மக்களுக்குச் சேவை செய்யலாமே என்று அங்கிருந்தவர்கள் வழிகாட்ட, 1915ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் அணிந்ததற்கு விலை

அது காந்தியின் காலம். அந்நியத் துணியை விடுங்கள் என்று நாடெங்கும் பேச்சு. சுப்பாராவ் ஆபரேஷன் வகுப்புக்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தும் சுப்பாராவுக்குக் கிடைத்தது முழு எம்பிபிஎஸ் பட்டம் அல்ல. அதற்கு ஒரு படி கீழே மதிக்கப்பட்ட எல்எம்எஸ் சான்றிதழ்.

இதனால் என்ன நஷ்டம்? அரசு மருத்துவப் பணிக்கான கதவு மூடிக்கொண்டது. பிழைப்புக்காகச் சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுத்தார். அலோபதி படித்தவர் ஆயுர்வேதக் கல்லூரியில் வாத்தியார்.

இதே காலகட்டத்தில்தான் வீட்டில் பெரிய இடி. அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம், டிராபிகல் ஸ்ப்ரூ. வெப்ப நாடுகளில் வரும் குடல் நோய் இது. விடாத பேதி. குடல், உணவிலிருக்கும் சத்தை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். சாப்பிட்டும் பட்டினி என்பதுபோல உடம்பு உருகி, ரத்தம் வெளுத்துப் போகும். பின்னாளில், 1960களில் வட ஆற்காடு கிராமங்களில் இந்த நோய் கொத்துக்கொத்தாகப் பரவியபோது வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். சுப்பாராவின் காலத்தில் யாரிடமும் மருந்து இல்லை. கையில் மருத்துவச் சான்றிதழ் இருந்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த ஸ்ப்ரூவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடி வரும்.

பாஸ்டனில் இரவு வேலை

வெப்பமண்டல நோய்களைப் படிக்க ஹார்வர்டு போக வேண்டும் என்று முடிவெடுத்தார். உதவித்தொகை கிடைக்கவில்லை. காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் கொடுத்த பணத்தில் கப்பல் ஏறி, 1922 அக்டோபர் 26ஆம் தேதி பாஸ்டனில் இறங்கினார். மனைவி சேஷகிரியை 1919ல்தான் திருமணம் செய்திருந்தார். சில வருஷத்தில் திரும்பிவிடலாம் என்பதுதான் அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கு தப்பாகப் போனது. சுப்பாராவ் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. அவர் கிளம்பிய பிறகு பிறந்த மகன் குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனான். அந்த முகத்தை அப்பா பார்த்ததே இல்லை. கணவனும் மனைவியும் அதன்பிறகு சந்திக்கவே இல்லை. சுப்பாராவைக் கொண்டாடும் கட்டுரைகள் பலவற்றில் இந்த இடம் ஒரு வரியில் கடந்துபோய்விடும். சேஷகிரி காத்திருந்த வருஷங்களையும் எண்ணித்தான் இந்தக் கதையின் கணக்கை முடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் அவருடைய மருத்துவச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. செலவுக்காக ஆஸ்பத்திரியில் இரவு நேர ஊழியராக வேலை. பகலில் படிப்பு. வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ முடித்த பிறகு, ஹார்வர்டில் உயிர்வேதியியலாளர் சைரஸ் ஃபிஸ்கேவின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

நீல நிறம் சொன்ன ரகசியம்

ஃபிஸ்கே கொடுத்த வேலை கேட்பதற்குச் சாதாரணமானது. ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நம்பகமான வழி கண்டுபிடிக்க வேண்டும். பாஸ்பரஸை எப்படிப் பார்ப்பது? அது கண்ணுக்குத் தெரியாதே. மாலிப்டேட் என்ற உப்பையும் இன்னொரு வேதிப்பொருளையும் சேர்த்தால், பாஸ்பேட் இருக்கும் திரவம் நீல நிறமாக மாறும். பாஸ்பேட் அதிகமென்றால் நீலம் அடர்த்தி. குறைவென்றால் வெளிர் நீலம். நிறத்தை ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். 1925ல் இந்த முறை வெளியானது. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் பல தலைமுறையாகப் படித்த சோதனை இது.

ஒரு விதத்தில் பார்த்தால் இன்றைய ப்ரோப் செய்வதும் இதே வேலைதான். கண்ணுக்குத் தெரியாத பொருளோடு ஒரு நிறத்தை முடிச்சுப் போடுவது. வித்தியாசம், அன்று அது கண்ணாடிக் குழாய்க்குள் மட்டும் நடந்தது.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். தசையிலிருந்து எடுத்த சாற்றில் இந்தச் சோதனையைச் செய்தபோது நீலம் உடனே முழுசாக வரவில்லை. நேரம் ஆக ஆக மெதுவாக அடர்ந்துகொண்டே போனது. வேறு யாராவது இருந்தால் குழாய் சரியாகக் கழுவவில்லை போல என்று விட்டிருக்கலாம். சுப்பாராவும் ஃபிஸ்கேவும் விடவில்லை. தசைக்குள் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, அது அமிலத்தில் மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுகிறது, அதனால்தான் நீலம் தாமதமாக வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். 1927ல் அறிவித்த அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். கிட்டத்தட்ட அதே நேரத்தில் லண்டனில் எக்கிள்டன் தம்பதியும் தவளைத் தசையில் இதைத் தனியாகக் கண்டிருந்தார்கள்.

பூனையின் தசையை வேலை வாங்கினால் பாஸ்போகிரியேட்டின் குறைகிறது. ஓய்வு கொடுத்தால் மறுபடி நிறைகிறது. அதாவது தசைக்கு இது ஒரு பேட்டரி மாதிரி. லாக்டிக் அமிலம்தான் தசையை இயக்குகிறது என்ற கருத்துக்குப் பெரிய மதிப்பு இருந்த காலம் அது. அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. 1929ல் இன்னொரு மூலக்கூறு. ஏடிபி. உயிருள்ள எல்லாச் செல்லிலும் ஆற்றலைச் சுமந்து செல்லும் நாணயம். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டு அதைத் தனியாகக் கண்டுபிடித்தார். பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியலில் நீங்கள் மனப்பாடம் செய்த அதே ஏடிபிதான்.

அறுக்காமல் தசைக்குள் பார்ப்பது

இங்கே ஒரு நிமிஷம் அவருடைய வாழ்க்கையை நிறுத்திவிட்டு, 45 வருஷம் முன்னே போய் வருவோம்.

சுப்பாராவின் முறையில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருந்தது. அளக்க வேண்டுமென்றால் தசையை வெட்டி எடுத்து, சாறு பிழிய வேண்டும். உயிருள்ள தசையில் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வழி கிடையாது. 1974ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் ராடாவும் சகாக்களும் எலியின் முழுத் தசையை ஒரு பெரிய காந்தத்துக்குள் வைத்தார்கள். பாஸ்பரஸ் அணுக்களின் கரு, காந்தப் புலத்தில் ரேடியோ அலைகளுக்குப் பதில் சொல்லும். ஏடிபியில் இருக்கும் பாஸ்பரஸ் ஒரு சுருதியிலும் பாஸ்போகிரியேட்டினில் இருக்கும் பாஸ்பரஸ் வேறொரு சுருதியிலும் பதில் சொல்லும். தசையை அரைக்காமலே இரண்டையும் தனித்தனியாக அளந்துவிட்டார்கள்.

1981ல் இதே உத்தியை ஒரு நோயாளியின் கையில் செய்தார்கள். அவருக்கு மெக்ஆர்டில் நோய். தசை தன் மாவுச்சத்துச் சேமிப்பை உடைத்துப் பயன்படுத்த முடியாத பிறவிக் குறைபாடு. கொஞ்சம் வேலை செய்தாலே தசை இறுகி வலிக்கும். சாதாரணமாக உடற்பயிற்சியின்போது தசையில் அமிலத்தன்மை ஏறும். இவருக்கு ஏறவில்லை. பாஸ்போகிரியேட்டின் மட்டும் இறங்கியது. தசைத் துண்டை வெட்டாமலே நோயின் கையெழுத்து தெரிந்துவிட்டது.

இதில் எந்த ஊசியும் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். உடம்பே வைத்திருக்கும் மூலக்கூறுதான் இங்கே தகவல் சொல்கிறது. நமக்குத் தெரிந்த எம்ஆர்ஐ ஸ்கேன் பெரும்பாலும் உடம்பிலுள்ள நீரையும் கொழுப்பையும் படம் பிடிக்கிறது. இது அதன் சகோதர முறை. சுப்பாராவ் நீல நிறத்தில் பார்த்த அதே இரண்டு பொருட்கள் இதில் மேடு பள்ளமான கோடாகத் தெரிகின்றன.

ஹார்வர்டு கைவிட்டது, கம்பெனி எடுத்துக்கொண்டது

1930ல் பிஎச்டி முடித்த சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 1940ல் நியூயார்க் மாகாணத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்துக்குப் போனார். விரைவிலேயே அங்கே ஆராய்ச்சியின் தலைமைக்கு வந்தார். அடுத்த 8 ஆண்டுகளில் அந்தக் கூடத்திலிருந்து வெளிவந்தவற்றைப் பார்த்தால் ஒரு ஆளின் ஆயுளில் நடந்ததா என்று மலைப்பாக இருக்கும்.

முதலில் ஃபோலிக் அமிலம். இதன் வேர் இந்தியாவில்தான் இருக்கிறது. 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று கண்டார். அதற்குள் இருக்கும் பொருள் எது என்று தெரியவில்லை. 1941ல் அமெரிக்காவில் வேறொரு குழு கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, இலை என்ற அர்த்தம் வரும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தது. கிடைத்ததோ துளித்துளி. அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து, 1945ல் ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டியது சுப்பாராவின் லெடர்லி குழு. அவர் தனியாளாகச் செய்ததல்ல. பெரிய குழு, பல பெயர்கள். ஆனால் திசையைக் காட்டியவர் அவர்.

தயாரித்ததும் மருத்துவர்கள் யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் தெரியுமா? ரத்தசோகை நோயாளிகளுக்கும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும். வெளுத்த ரத்தம் சிவந்தது. சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு கால் நூற்றாண்டு கழித்து அவருடைய கூடத்திலிருந்தே மருந்து வந்தது. கதை அதோடும் முடியவில்லை. டிராபிகல் ஸ்ப்ரூவுக்கு இன்றும் ஃபோலிக் அமிலத்தோடு சேர்த்து டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். அந்த வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினை 1948ல் வெளிக்கொண்டு வந்ததும் லெடர்லிதான். கண்டுபிடித்தவர் தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், வயது எழுபதைக் கடந்தவர்.

டெல்டாக்காரர்களுக்கு நெருக்கமான இன்னொன்று, யானைக்கால் நோய் மருந்து. கும்பகோணத்துக் கொசுவையும் யானைக்காலையும் சேர்த்துப் பேசாத தலைமுறை டெல்டாவில் கிடையாது. வீடு வீடாக வந்து கண் முன்னாலேயே விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்களே ஒரு மாத்திரை, டைஎத்தில்கார்பமசின், அது 1947ல் இதே கூடத்தில் பிறந்தது.

புற்றுநோய்க்கு ஃபோலேட் மேல் ஏன் இவ்வளவு பசி?

இப்போது ப்ரோப் பக்கம் வருகிறோம்.

செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது அதனால்தான், வயிற்றில் ஒரு உயிர் செல் செல்லாக வளர்கிறது. புற்றுநோயும் நிறுத்தாமல் பிரியும் செல்தான். ஆக அதற்கும் பசி.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதலில் ஃபோலேட் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகமெடுத்ததுபோல் தெரிந்தது. அப்படியானால் ஃபோலேட்டைத் தடுத்தால்? சுப்பாராவின் கூடம், ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும் ஆனால் வேலை செய்யாத போலி மூலக்கூறுகளைச் செய்து அனுப்பியது. அதில் ஒன்று அமினாப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார். மோசமான நிலையில் இருந்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். தற்காலிகம்தான், நோய் திரும்பி வந்தது. ஆனால் அதுவரை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குச் செய்ய எதுவுமே இல்லை என்ற நிலை அன்று மாறியது. அதன் தங்கை மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை இன்று புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கட்டுரை வந்த இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து சுப்பாராவ் இறந்தார். வயது 53. சுதந்திர இந்தியாவுக்கு அப்போது ஒரு வயது கூட ஆகவில்லை.

சாவியில் கட்டிய விளக்கு

சில வகைப் புற்றுநோய்ச் செல்கள் ஃபோலேட்டை உள்ளே இழுக்க மேற்பரப்பில் ஒரு பூட்டை வைத்திருக்கின்றன. ஃபோலேட் ஏற்பி என்று பெயர். சாதாரணச் செல்கள் பெரும்பாலும் வேறு வழியில் ஃபோலேட்டை எடுத்துக்கொள்வதால் அவற்றில் இந்தப் பூட்டு மிகக் குறைவு. சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலான கட்டிகளில் இது ஏராளம். பூட்டுக்குச் சாவி எது? ஃபோலிக் அமிலம்தான்.

1991ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பிலிப் லோவும் அவருடைய மாணவர் கிறிஸ் லீமனும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஃபோலிக் அமிலத்தோடு வேறொரு பெரிய மூலக்கூறைக் கட்டி அனுப்பினாலும், செல் அதை ஃபோலேட் என்று நினைத்து மொத்தமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. சாவிக்கொத்தில் கட்டியிருக்கும் பொம்மையும் சாவியோடு வீட்டுக்குள் போகிற மாதிரி. இனி அந்தப் பொம்மை இருக்கும் இடத்தில் எதைக் கட்டுவது என்பதுதான் கேள்வி. கதிரியக்கம் உள்ள டெக்னீசியத்தைக் கட்டினால் காமா கேமராவில் தெரியும். ஒளிரும் சாயத்தைக் கட்டினால் ஆபரேஷன் மேஜையிலேயே தெரியும்.

நமக்குப் பழக்கமான பெட் ஸ்கேனும் இதே குடும்பம்தான். அதில் சாவி சர்க்கரை, விளக்கு ஃப்ளோரின்-18. ஆனால் சர்க்கரையை மூளை, இதயம், எங்கெல்லாம் அழற்சி இருக்கிறதோ அங்கெல்லாம் தின்னும். ஃபோலேட் பூட்டு அந்த அளவுக்குப் பொதுவானதல்ல.

சினைப்பைப் புற்றுநோயில் இது ஏன் முக்கியம்? இந்த நோய் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியவரும். அதற்குள் வயிற்று உறைகளில் குருணை சிந்தினதுபோல் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பரவியிருக்கும். எவ்வளவு மிச்சமில்லாமல் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. ஆனால் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும்தான் தேட வேண்டும். 2011ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில், சினைப்பைப் புற்றுநோய் சந்தேகத்தில் அறுவை சிகிச்சைக்கு வந்த 10 பெண்களுக்கு முதன்முறையாக ஃபோலேட்-சாய ஊசி போட்டுப் பார்த்தார்கள். பூட்டு இருந்த கட்டிகள் ஒளிர்ந்தன.

பிறகு பர்டூ குழுவின் வழியில் வந்தது பாஃபோலசயனின். இதன் ஒளி அகச்சிவப்புக்கு அருகில் இருப்பதால் திசுவுக்குள் கொஞ்சம் ஆழத்திலிருந்தும் வெளியே வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, கேமரா வழியாகத் திரையில் தெரியும். அறுவை சிகிச்சைக்குச் சில மணி நேரம் முன்பு ஊசி. பெரிய சோதனையில், மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளிடம் கண்ணுக்கும் கைக்கும் தப்பிய புற்றுநோயை இது காட்டிக்கொடுத்தது. 2021 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சினைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கும், 2022 டிசம்பரில் நுரையீரல் கட்டிகளுக்கும் அனுமதி கொடுத்தது.

இதைப் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையைச் சாப்பிடக் கூடாது என்று அறிவுறுத்தல் இருக்கிறது. ஏன்னு புரிந்திருக்கும். மாத்திரையில் வரும் சாவிகள் முன்கூட்டியே பூட்டை அடைத்துக்கொண்டால், விளக்கு கட்டிய சாவிக்கு இடமிருக்காது. (இதைப் படித்துவிட்டு கர்ப்பிணிகள் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இது அந்த அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்.)

எல்லாம் சரியாக நடந்ததா?

இல்லை. சிறுநீரகத்திலும் இந்தப் பூட்டு இயற்கையாகவே இருக்கிறது, அதனால் அதுவும் ஒளிரும். புற்றுநோய் இல்லாத இடம் ஒளிர்ந்து ஏமாற்றுவதும் உண்டு. ஒளிரும் இடத்தையெல்லாம் வெட்டிவிட முடியாது, எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். கேமரா, சாயம் எல்லாம் செலவு பிடிக்கும் விஷயம். எல்லா ஊர் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்ட வசதி இல்லை.

சாவியில் விளக்குக்குப் பதில் விஷத்தைக் கட்டி அனுப்பிப் புற்றுநோயைக் கொல்லலாம் என்றும் முயன்றார்கள். வின்டாஃபோலைட் என்ற அந்த மருந்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்க, டெக்னீசியம் கட்டிய ஃபோலேட் ஸ்கேனையும் கூடவே பயன்படுத்தினார்கள். பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் தெரியாததால் 2014ல் நிறுத்திவிட்டார்கள். காட்டிக்கொடுப்பதில் ஜெயித்த சாவி, அந்த முறை கொல்வதில் தோற்றது.

முடக்குவாதத்திலும் வேலை நடக்கிறது. வீங்கிய மூட்டுகளில் குவியும் ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்களிலும் ஃபோலேட் பூட்டின் இன்னொரு வகை இருக்கிறது. எந்த மூட்டில் அழற்சி உக்கிரமாக இருக்கிறது என்று ஃபோலேட் ப்ரோப் மூலம் படம் எடுக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். அந்த நோயாளிகளில் பலர் ஏற்கெனவே வாரம் ஒருமுறை விழுங்கிக்கொண்டிருப்பது மெத்தோட்ரெக்சேட். அதன் பக்கவிளைவைக் குறைக்க மருத்துவர் கூடவே எழுதிக்கொடுக்கும் மாத்திரை, ஃபோலிக் அமிலம்.

1995ல் சுப்பாராவின் நூற்றாண்டுக்கு இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி அன்று அவருக்குக் கொடுக்காத எம்பிபிஎஸ் பட்டம் அவர் பெயருக்குப் பின்னால் கடைசிவரை வரவே இல்லை.